தியானக் கோயிலின் கணக்கு வாசல் சுவரில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார், ஆசையை விடச் சொல்லித் தருகிற இடத்துக்கு உண்டியல் எதற்கு, பிக்கு இருக்கிற இடத்துக்கு வங்கிக் கணக்கு எதற்கு என்று. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருந்தார். ஆனால் கேள்வி நியாயமானது, பதில் சொல்ல வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். நான் ஒரு சின்ன பௌத்த தியானக் கோயிலுக்கு ஒன்பது வருடமாகப் பொருளாளர். சம்பளம் கிடையாது, வேலை முடிந்து வந்து மாலையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். அந்த வாசகருக்காக மட்டும் இதை எழுதவில்லை. எங்களைப் போன்ற இடங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டுக் கணக்கை அலமாரியில் வைத்துப் பூட்டுகிற பழக்கத்தை நாம் விட வேண்டும். மாதா மாதம் வரவு செலவை, செருப்பு விடும் இடத்தில், யார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்ட வேண்டும்.

முதலில் எங்கள் இடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கூடம், நாற்பது தியான மெத்தை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. ஒரு மூத்த பிக்கு நிரந்தரமாகத் தங்கியிருக்கிறார், வருடத்தில் சில மாதம் இன்னொருவர் வந்து போவார். வாரத்தில் நான்கு நாள் மாலை தியானம், மாதத்துக்கு ஒரு நாள் முழுநாள் மௌனம், வருடத்துக்கு இரண்டு முறை பத்து நாள் முகாம். எதற்கும் கட்டணம் இல்லை. லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்திருக்கிறோம். இந்த 'லாப நோக்கமற்ற' என்ற சொல்லைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வருட முடிவில் கையில் மிச்சமே இருக்கக் கூடாது, இருந்தால் ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மிச்சம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அதை அறங்காவலர்களோ உறுப்பினர்களோ பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, எந்த நோக்கத்துக்காகப் பதிவு செய்தோமோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சமே இல்லாத கோயில், ஒரு குழாய் உடைந்தால் கடன் வாங்கப் போய் நிற்கும்.

இந்த மாதிரி இடத்தின் பணக் கஷ்டம் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, உள்ளே தியானத்துக்கு வருகிறவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. செலவு மாதா மாதம் ஒரே மாதிரி வரும், வரவு அப்படி வராது. மின்சாரம், தண்ணீர், கட்டடக் காப்பீடு, வாடகையோ கட்டடக் கடன் தவணையோ, ஆடிட்டர் கட்டணம் இவையெல்லாம் யாரும் கூடத்தில் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் தேதி தவறாமல் வந்து நிற்கும். வரவு என்று பார்த்தால் புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடும் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி நிறைய வரும், முகாம் முடியும் நாளில் வரும், யாராவது தங்கள் பெற்றோர் நினைவாகத் தரும்போது வரும், அப்புறம் மூன்று மாதம் காய்ந்து கிடக்கும். பிக்கு வெளியூர் போய்விட்டால் கூட்டம் குறையும், உண்டியலும் குறையும், ஆனால் மின்கட்டணம் பாதியாகாது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பொறுப்பேற்ற முதல் வருடம் பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் வாரியாகக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் வருட வரவில் பாதிக்கு மேல் மூன்று குடும்பங்களிடமிருந்து வந்திருந்தது. அதில் ஒரு குடும்பம் வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அது நடக்கவும் நடந்தது.

அந்தக் குடும்பத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை, கடைசி மாதம் வரை கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். குறை எங்கள் மேல்தான். கூடத்துக்கு வந்த மற்ற எண்பது தொண்ணூறு பேருக்கு இந்த இடம் எதில் நிற்கிறது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. யாரோ பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நாங்களும் நினைக்க விட்டுவிட்டோம். கணக்கைச் சுவரில் ஒட்ட ஆரம்பித்த பிறகு, ஒரு பைசா உபதேசம் செய்யாமலே, மாதா மாதம் சின்னத் தொகை அனுப்புகிறேன் என்று முப்பது பேருக்கு மேல் தாங்களாகவே வந்து சொன்னார்கள். பொருளாளருக்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய தொகையைவிட மாதா மாதம் வருகிற சின்னத் தொகைதான் நிம்மதி. அதை வைத்துத் திட்டம் போட முடியும்.

உண்டியல் எண்ணுவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தேகம் எல்லாம் அங்கேதான் முளைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை தியானம் முடிந்ததும் கூடத்தின் மூலையில் பாய் விரித்து உண்டியலைத் திறப்போம். இரண்டு சாவி, இரண்டு பேரிடம், ஒருவர் வராவிட்டால் அன்றைக்குத் திறப்பதில்லை. நான்காக மடித்த நோட்டுகள், கைக்குள் நீண்ட நேரம் வைத்திருந்து ஈரமான நோட்டுகள், சில்லறை, சில சமயம் ஒரு குழந்தை போட்ட பொம்மை மோதிரம். ஒருவர் எண்ணுவார், அடுத்தவர் திரும்ப எண்ணுவார், இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் காலை வங்கிக்குப் போய்விடும், யார் வீட்டிலும் ஒரு இரவுக்கு மேல் தங்காது. தியானம் முடிந்து போகிறவர்களில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு நாள் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் உட்கார்ந்து சில்லறையை அடுக்கிக் கொடுத்தான். பிக்கு மட்டும் அந்தப் பக்கம் வர மாட்டார், எவ்வளவு என்று கேட்கவும் மாட்டார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலும் அவருக்குப் போகாது. கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் ஒரே மாதிரி பார்க்க அதுதான் எனக்கு வசதி என்று அவர் சொல்லுவார்.

ஒட்டவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு கவர். நான் பொறுப்பேற்பதற்கு முன் நடந்தது, நான் வந்த பிறகு வெளியே தெரிந்தது. ஒரு வயதான அம்மா, தன் கணவர் இறந்த பிறகு, ஒரு பழுப்புக் கவரில் பணம் வைத்து, கவரின் மேல் 'கூரைக்கு மட்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். கூடத்தின் கூரை அப்போதே ஒழுக ஆரம்பித்திருந்தது. அப்போது இருந்த நிர்வாகக் குழு அதை வாங்கி, ரசீது போட்டு, பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டது. அடுத்த எட்டு மாதத்தில் அந்தப் பணம் மின்சாரமாகவும் பிக்குவின் பல் வைத்தியமாகவும் கரைந்துபோனது. யாரும் திருடவில்லை, ஒரு காசும் யார் சட்டைப் பையிலும் போகவில்லை, எல்லாவற்றுக்கும் வவுச்சர் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் கூடத்தின் நடுவில் வாளி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம் வந்து, "தம்பி, நான் கொடுத்தது என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கவரை மட்டும் கோப்பில் வைத்திருந்தார்கள். அதை எடுத்து அவர் முன்னால் வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தானே என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொடுப்பவர் ஒரு நோக்கம் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பணம் நம்முடையது இல்லை, அந்த நோக்கத்துடையது. அவரிடம் கேட்காமல் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. கணக்கில் அதற்குத் தனி நிரல் வேண்டும், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கூரை நிதி என்று ஒரு வரியும் அதற்கு நேரே ஒரு எண்ணும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த எண் குறையும்போது யாராவது ஒருவர் கேட்டிருப்பார், எட்டு மாதம் ஆகியிருக்காது.

இது ஏதோ இன்றைய ஆடிட்டர்கள் கண்டுபிடித்த விதி என்று நினைக்க வேண்டாம். பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்திலேயே இருக்கிறது. இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் இருக்கும் தேரவாத பௌத்த மரபில் பிக்குகளுக்கு 227 விதிகள். அதில் ஒன்று, சங்கத்துக்கு, அதாவது பிக்குகளின் குழுவுக்கு, என்று ஒதுக்கியது எனத் தெரிந்தும் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளக் கூடாது என்கிறது. இன்னொன்று, அதையே வேறொரு தனி ஆளுக்குத் திருப்பிவிடவும் கூடாது என்கிறது. பொன்னும் வெள்ளியும் வாங்குவதற்குத் தனி விதி, அதை வைத்து வாங்கல் விற்றல் செய்வதற்குத் தனி விதிகள். விதியை மீறிப் பணம் வாங்கிய பிக்கு அதைச் சங்கத்தின் நடுவில் விட்டுக்கொடுக்க வேண்டும், அதை எடுத்துக்கொண்டு எதையாவது வாங்கித் தர இல்லறத்தார் யாரும் முன்வராவிட்டால் ஒரு பிக்குவை நியமித்து அதை வெளியே எறியச் சொல்ல வேண்டும், எறிகிறவர் அது எங்கே விழுகிறது என்று குறிவைத்துப் பார்க்கக் கூடாது. அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள்.

அப்படியானால் வாசகர் கேட்டது சரிதானே, கோயிலுக்குப் பணம் எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு பொறுப்பாளர் கையில் பொன்னைக் கொடுத்து, இதைக் கொண்டு பிக்குவுக்கு ஏற்றதைச் செய்து கொடுங்கள் என்று சொன்னால், அதிலிருந்து கிடைக்கும் ஏற்ற பொருளைப் பிக்கு பெற்றுக்கொள்ளலாம் என்று புத்தர் அனுமதித்தார். பொன்னைக் கேட்கலாம், வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை என்றும் அதோடு சேர்த்தே சொன்னார். அந்தப் பொறுப்பாளருக்குப் பாலி மொழியில் கப்பியகாரகர் என்று பெயர். இன்றைய நிர்வாகக் குழு, அறக்கட்டளை, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரு ஆளின் நீட்சிதான். பணத்தைத் தொடாத பிக்கு இருக்க வேண்டுமென்றால், பணத்தைத் தொட்டுக் கணக்குச் சொல்கிற ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்தப் பொறுப்பாளர் சரியாக நடக்காவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது. தன் தேவைக்காக ஒருவர் பணம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று பிக்குவுக்குச் சொல்லப்பட்டால், அவர் பொறுப்பாளரிடம் போய் எனக்கு அங்கி தேவைப்படுகிறது என்று மூன்று முறை வரை கேட்கலாம். கிடைக்காவிட்டால் வாய் திறக்காமல் ஆறு முறை வரை போய் நிற்கலாம். அதற்கு மேல் நெருக்கக் கூடாது. அப்போதும் கிடைக்கவில்லை என்றால், பணம் கொடுத்தவரிடம் போய் அல்லது ஆள் அனுப்பி, நீங்கள் கொடுத்தது எனக்குப் பயன்படவில்லை, உங்கள் பொருள் வீணாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடக் கூடாது, அது கடமை. அந்த அம்மாவின் கவர் விஷயம் தெரிந்த அன்று இந்த விதியைப் பிக்குதான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். "எனக்குச் சொல்லியிருந்தால் நானே அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன், எனக்கும் சொல்லவில்லை" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. குழுவில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

விநயத்தில் பண்டகசாலைக்கு ஒருவர், உணவு பங்கிடுவதற்கு ஒருவர், தங்குமிடம் ஒதுக்குவதற்கு ஒருவர், கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க ஒருவர் என்று பொறுப்புகள் உண்டு. இவர்களைச் சங்கம் கூடி, வெளிப்படையாக முன்மொழிந்து நியமிக்க வேண்டும். பண்டகசாலைக்கு நியமிக்கப்படுகிறவருக்குச் சொன்ன தகுதியைப் பாருங்கள்: விருப்பத்தால் சாயாதவர், வெறுப்பால் சாயாதவர், மயக்கத்தால் சாயாதவர், பயத்தால் சாயாதவர், எது காப்பில் இருக்கிறது எது இல்லை என்று தெரிந்தவர். பொருளாளர் வேலைக்கு இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் எங்கும் பார்க்கவில்லை. நான்காவதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரிய தொகை கொடுக்கிறவரிடம் இல்லை என்று சொல்லப் பயப்படுவது, மூத்த உறுப்பினரிடம் ரசீது கேட்கப் பயப்படுவது, பிக்குவிடம் இந்த மாதம் பயணச் செலவுக்குப் பணம் இல்லை என்று சொல்லப் பயப்படுவது. சின்னக் கோயில்களின் கணக்கு பெரும்பாலும் இந்தப் பயத்தில்தான் கெட்டுப்போகிறது, திருட்டில் கெட்டுப்போவதைவிட அதிகமாக.

பணச் சண்டை புதிதும் இல்லை. புத்தர் மறைந்து ஏறக்குறைய நூறு வருடம் கழித்து வைசாலியில் வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் உபோசதம் என்ற நோன்பு நாளில் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கூட்டத்தின் நடுவில் வைத்து, சங்கத்துக்குத் தேவை இருக்கிறது, காசு போடுங்கள் என்று வந்தவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே வந்திருந்த யச என்ற மூத்த பிக்கு, கொடுக்காதீர்கள் என்று சொன்னார். மக்கள் கேட்கவில்லை, போட்டார்கள். இரவு முடிந்ததும் பிக்குகள் அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து அவருக்கும் ஒரு பங்கை நீட்ட, அவர் வேண்டாம் என்றார். இல்லறப் பக்தர்களைப் புண்படுத்திவிட்டீர்கள், போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று அவர்மேலேயே குற்றம் சாட்டினார்கள். விஷயம் பெரிதாகி 700 மூத்த பிக்குகள் கூடிய இரண்டாம் பௌத்த மாநாட்டில் முடிந்தது, பொன் வெள்ளி வாங்குவது உட்பட வஜ்ஜிப் பிக்குகளின் பத்து வழக்கங்களும் செல்லாது என்று தீர்ப்பானது. இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது தலைக்கு இவ்வளவு என்ற அந்தப் பங்கீடு. சங்கத்தின் தேவை என்று கேட்டு வாங்கியது ஒரே இரவில் தனி ஆள் பங்காக மாறிவிட்டது. லாப நோக்கமற்ற அமைப்புக்கு இன்றைய சட்டங்கள் போடும் முதல் தடையும் இதேதான்.

கட்டணம் வைத்துவிட்டுப் போகலாமே என்று எங்கள் குழுவிலேயே கேட்பவர்கள் உண்டு. இதில் ஒரே வழிதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். தியான ஆசிரியர் கோயங்கா 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய விபாசனா தியான முகாம்களில் கட்டணமே கிடையாது, ஒரு பத்து நாள் முகாமாவது முடித்தவரிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள், ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. பலன் கண்டவர் அடுத்தவருக்காகக் கொடுக்கிறார். அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய இன்சைட் மெடிடேஷன் சொசைட்டி மாதிரி இடங்களில் தங்கும் செலவுக்குக் கட்டணம் உண்டு, கற்பிப்பவருக்குத் தானம் தனி. இரண்டும் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. இரண்டாவது முறையில் வரவைக் கணிக்க முடியும், ஆனால் கையில் காசில்லாதவர் வாசலிலேயே தயங்குவார், அவருக்குச் சலுகை என்று தனியாக ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கும். முதல் முறையில் யாரும் தயங்க வேண்டாம், ஆனால் தருபவர்களுக்கு இடத்தின் நிலைமை தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்றுபோகும். நாங்கள் முதல் வழியில் இருக்கிறோம், இருக்கவே விரும்புகிறோம். அதனால்தான் எங்களுக்கு அந்தச் சுவர்த்தாள் இன்னும் அவசியம். கட்டணம் வாங்கும் இடம் விலைப்பட்டியல் ஒட்டும், நாங்கள் வரவு செலவை ஒட்ட வேண்டும்.

பெரிய தொகை கொடுப்பவர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பௌத்தத்தில் கொடையாளர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புத்தர் காலத்துச் செல்வந்தர் அனாதபிண்டிகர். புத்தருக்கும் பிக்குகளுக்கும் கொடுப்பதற்காக ஜேதவனத்தை வாங்க, அந்தத் தோட்டத்தின் தரை முழுக்கக் காசு பரப்பினார் என்பது கதை. கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் பார்ஹுத் சிற்பம் ஒன்றில் மாட்டு வண்டியிலிருந்து காசை இறக்குவதையும் தரையில் வரிசையாகப் பரப்புவதையும் செதுக்கியிருக்கிறார்கள், கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே ஒரே வரியில் யார் கொடுத்தது, எதைக் கொடுத்தது, எப்படி வாங்கியது என்று எழுதியிருக்கிறது. நம் பக்கத்தில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. எவ்வளவு நெல் என்பதை 8,943 கலம், இரு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி என்று எழுதி வைத்தார்கள். கொடுத்தவன் பேரரசன், வாங்கியது கடலுக்கு அப்பால் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய விகாரை, ஆனாலும் கடைசி ஒரு நாழியை விட்டுவிடவில்லை. ஆயிரம் வருடம் தாண்டி நாம் அதைப் படிக்க முடிகிறது என்றால் அதைச் செம்பில் வெட்டியதால்தான். நான் வெறும் காகிதத்தில் எழுதி ஒட்டத்தான் சொல்கிறேன்.

ஆனால் அனாதபிண்டிகர் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. பிற்காலத்தில் அவர் செல்வம் கரைந்துபோய், புளித்த கஞ்சியும் நொய்யும் தவிரக் கொடுக்க ஒன்றும் இல்லாத நிலைக்கு வந்தார் என்று, புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகத்தின் உரை சொல்கிறது. ஒருவரை மட்டும் நம்பிய விகாரைக்கு என்ன நடக்கும் என்று நான் அதைப் படிக்கும்போதெல்லாம் யோசிப்பேன். அதோடு, பெரிய கொடை ஒரு நிபந்தனையோடு வரும்போது வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் வேண்டும். எங்களுக்கு ஒருமுறை ஒருவர் இன்னொரு மாடி கட்டித் தருகிறேன் என்றார். கட்டிவிடலாம், ஆனால் கட்டிய மாடிக்கு வருடா வருடம் ஆகும் பராமரிப்பும் மின்சாரமும் காப்பீடும் யார் கொடுப்பது? கட்டடம் ஒருமுறை வரும், அதன் செலவு ஒவ்வொரு மாதமும் வரும். நன்றி சொல்லி, பதிலாகக் கூரையை மாற்றித் தர முடியுமா என்று கேட்டோம். அவர் சம்மதித்தார். அந்த அம்மாவிடம் போய், உங்கள் பணத்தைப் பொது வரவிலிருந்து கூரை நிதியில் திரும்ப வைத்துவிட்டோம், இரண்டும் சேர்த்துத்தான் வேலை நடக்கப்போகிறது என்று சொன்னேன். வேலை நடந்த நாட்களில் அவர் தினமும் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் பேசாத ஒரு செலவு இருக்கிறது, பிக்குவின் முதுமை. அவருக்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, சேமிப்பு இல்லை, பிள்ளைகள் இல்லை. நாற்பது வயதில் வந்தவருக்கு எழுபது வயது ஆகும், முழங்கால் வலிக்கும், கண்ணில் புரை விழும், ஒரு நாள் மருத்துவமனையில் படுக்க நேரும். அன்றைக்கு உண்டியலைக் குலுக்கிப் பார்ப்பது தானத்துக்கு அழகில்லை. எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு: பிக்குவின் மருத்துவச் செலவுக்கும் காப்பீட்டுக்கும் தனி நிதி இல்லாத கோயில், புதுச் சிலையோ பெரிய விழாவோ நினைக்கவே கூடாது. இத்தனை வருடம் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள், அவர் நோயில் விழும்போது வாட்ஸ்அப்பில் அவசர உதவி கேட்டுச் செய்தி அனுப்பும்படி விடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. எங்கள் மாதத் தாளில் இந்த நிதிக்கு ஒரு வரி இருக்கிறது. அது மெதுவாகத்தான் ஏறுகிறது.

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், ஒரு வரவும் இல்லாமல் ஆறு மாதம் கதவைத் திறந்து வைக்கும் அளவு என்பது என் கணக்கு. மூன்று மாதம் போதும் என்பவர்களும் உண்டு. இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்னதாக ஒரு பங்கீடு இருக்கிறது: வருவாயை நான்காக்கி, ஒரு பங்கை அனுபவிக்கவும், இரண்டைத் தொழிலில் போடவும், நான்காவதை ஆபத்துக் காலத்துக்கு எடுத்து வைக்கவும். சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்னது. கோயில் நிர்வாகத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் எடுத்து வைப்பது பேராசை என்று நினைப்பவர்களுக்கு அதைக் காட்டுவேன்.

கணக்கை ஒட்டினால் ஆபத்து என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். கையிருப்பைப் பார்த்தால் இவர்களுக்கு நிறைய இருக்கிறதே என்று கொடுப்பது நின்றுவிடும் என்றார்கள். எங்கள் அனுபவத்தில் நிற்கவில்லை. எந்த நிதி எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்று பக்கத்திலேயே எழுதியிருப்பதால் ஜனங்களுக்குப் புரிகிறது. பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் திருடன் வருவான் என்றார்கள். அதனால்தான் ரொக்கமாக ஒன்றும் வைப்பதில்லை என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறோம். அமைதி தேடி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வரவு செலவாக இருக்க வேண்டுமா என்று ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு நான் சொன்னது, கண்ணை மூடி உட்காரும்போது தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் அந்த அமைதி கெட்டுப்போகாது.

தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாத ஆரம்ப இருப்பு, உண்டியல் வரவு, மாதச் சந்தா வரவு, கியூஆர் வழியாக வந்தது, செலவு ஒவ்வொன்றும் தனித்தனி வரி, கூரை நிதி, மருத்துவ நிதி, அவசரக் கையிருப்பு, மாதக் கடைசி இருப்பு. கொடுத்தவர் பெயர் இருக்காது. வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்த்தது யார், எந்தத் தேதியில் என்று கீழே இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பொருளாளருடையது இல்லாமல் வேறொருவருடையது. ஒரு மணி நேர வேலை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொருளாளரையும் மாற்ற வேண்டும் என்று விதியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் முன்வரவில்லை என்று என்னையே தொடரச் சொல்கிறார்கள். ஒரே ஆளின் தலையில் மட்டும் இருக்கும் கணக்கு, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நல்ல கணக்கு இல்லை. அதனால் இந்த வருடம் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் எழுதிய வாசகருக்கு: நீங்கள் எந்தத் தியான இடத்துக்குப் போனாலும் கணக்கைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. காட்டத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். எங்கள் இடத்தில் கேட்க வேண்டியதே இல்லை, செருப்பு அலமாரிக்கு வலது பக்கம் ஒட்டியிருக்கும். போன மாதம் அதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, தண்ணீர்க் கட்டணம் ஏன் இரண்டு மடங்காகியிருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அந்த எண்ணை எழுதினேனே தவிரக் கவனிக்கவில்லை. போய்ப் பார்த்தால் தொட்டிக்குப் பின்னால், யாரும் போகாத இடத்தில், குழாய் கசிந்து தரையெல்லாம் பாசி பிடித்திருந்தது. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்தோம்.

இப்படிக்கு,
ஒரு தியானக் கோயிலின் பொருளாளர்